புதுவையில் ஒரு தோட்டப் பாடம்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் இரவு, பண்ணுருட்டிக்கு அருகில் வசிக்கும் என் தங்கையின் வீட்டிலிருந்து டெலிபோன் வந்தது. பேசியது தங்கையல்ல; மாப்பிள்ளை. அவர் சுபாவத்தில் அதிகம் பேசாதவர். அவரே கூப்பிட்டுப் பேசுகிறார் என்றால் ஏதோ பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே, "என்ன மாப்பிள்ளை, எல்லோரும் சௌக்கியந்தானே?" என்று கேட்டேன்.

"சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்? உங்கள் மருமகள் மைனராகப் போகிறாளாம்!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைனர் என்ற சொல்லுக்கு நம் கிராமங்களில் உள்ள அர்த்தத்தை நேயர்கள் அறிவார்கள். பட்டு ஜிப்பாவும், கழுத்தில் மெல்லிய சங்கிலியும், தகப்பனார் தேடி வைத்த சொத்தைத் தண்ணீராக்கும் சாமர்த்தியமும் உடைய வாலிபர்களுக்கே உரிய பட்டம் அது. பதினெட்டு வயதுப் பெண்குழந்தைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பிறகு தங்கை பேசிய போதுதான் விஷயம் விளங்கிற்று. மருமகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ரசாயனம் முதன்மைப் பாடம். அதோடு 'மைனர்' என்கிற துணைப் பாடம் ஒன்றையும் மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். கம்ப்யூட்டர், கணிதம், வணிகம் என்று வரிசையாக இருந்த ஜாபிதாவின் கடைசியில் தோட்டக்கலை என்று ஒன்று இருந்தது. குழந்தை அதன்மேல்தான் விரலை வைத்தாள். அடுத்த திங்கட்கிழமைக்குள் விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளையோ பேனாவைத் தொடமாட்டேன் என்கிறார்.

"மண்வெட்டி பிடிக்கிறதற்கு பி.எஸ்ஸி. எதற்கு? நீங்கள் வாத்தியார். நீங்களே அழைத்துப் போய்ப் புத்தி சொல்லுங்கள்" என்று முடித்துவிட்டார் அவர்.

மாப்பிள்ளையின் கோபத்தில் ஒரு பழைய காயம் இருந்தது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில், தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை ஏறியது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த அந்தக் காற்றில் பண்ணுருட்டிச் சீமையின் பலாவும் முந்திரியும் பட்ட பாட்டைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் வைத்து வளர்த்த பலாத்தோப்பு ஒரே இரவில் தரையோடு தரையாய்ச் சாய்ந்தது. குழந்தைக்கு அப்போது நான்கு வயது. விழுந்த மரங்களை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை எண்ணிப் பார்க்காமலே மடியில் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். அன்றைக்கு விட்டதுதான், தோப்பு நிலம் பெரும்பாலும் இன்னும் வெறும் நிலமாகவே கிடக்கிறது. அப்படிப்பட்டவருடைய பெண் மறுபடியும் மரத்தைத் தேடிப் போனால் அவருக்குப் பொறுக்குமா?

புத்தி சொல்வதற்கு முன் எனக்கே கொஞ்சம் புத்தி தேவையாயிருந்தது. ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சர்வகலாசாலையில் தாவர சாஸ்திரம் படித்துத் தேறியவன். இருபது ஆண்டுகளாக விழுப்புரத்தில் பிள்ளைகளுக்குத் தண்டின் குறுக்கு வெட்டைக் கரும்பலகையில் நாலு வர்ணச் சாக்குக் கட்டியால் வரைந்து காட்டி வருகிறேன். ஆயினும் என் வீட்டு வாசலில் நான் நட்ட செம்பருத்திக் குச்சி ஒன்றுகூட இதுவரை துளிர்த்ததில்லை. வேலைக்கு வரும் அம்மாள் போகிறபோக்கில் செருகி வைத்த குச்சிதான் பூக்கிறது. அப்படியிருக்க, தோட்டக்கலை படிப்பா அல்லவா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஆகவே, தீர்ப்பைப் புதுவையிடம் விட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். ஏன் புதுவை என்றால், செடி வளர்ப்பதைச் சர்க்கார் காரியமாகவும் சாஸ்திரமாகவும் எடுத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு கண்ட ஊர் அது. விவசாயிக்குத் தொழிலைக் கையால் செய்து காட்டிக் கற்பிக்கும் நிலையம் இந்தியாவிலேயே முதன்முதலில் ஏற்பட்டதும் அங்கேதான். சனிக்கிழமை காலையில் மருமகள் வந்து சேர்ந்தாள். இருவரும் விழுப்புரத்தில் ரயில் ஏறினோம்.

விழுப்புரத்திலிருந்து புதுவைக்குப் போகும் இந்தக் கிளைப் பாதை 1879-ல் போடப்பட்டது. வளவனூரும், சின்னபாபு சமுத்திரமும், வில்லியனூரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. ஜன்னலுக்கு வெளியே கரும்பும், நெல்லும், சவுக்குத் தோப்புகளும் மாறி மாறி ஓடின. குழந்தை விண்ணப்பத்தோடு கொடுத்திருந்த விவரத் தாள்களை என்னிடம் நீட்டினாள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட அமைப்பின்படி, மூன்று ஆண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் துணைப் பாடத்தின் பங்கு 24. நான்கு ஆண்டு படித்தால் 160. அதில் துணைப் பாடத்துக்கு 32. எப்படிப் பார்த்தாலும் ஐந்தில் ஒரு பங்கு வருகிறது. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பில் கேட்கும் பாடத்துக்குப் பதினைந்து மணி. செய்முறைக்கானால் முப்பது மணி. கணக்கைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டாயிற்று. இது வேலையற்ற நேரத்தில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விடும் விஷயம் அல்ல. நூற்றுக்கணக்கான மணி நேரம்!

"இதைப் படித்தால் விவசாய ஆபீசர் ஆகலாமா, மாமா?" என்று கேட்டாள்.

"ஆக முடியாது, அம்மா. அந்த உத்தியோகத்துக்கு அதற்கென்றே உள்ள பட்டம் வேண்டும். சைதாப்பேட்டையில் 1868-ல் விவசாயப் பள்ளியாக ஆரம்பித்து, 1906-ல் கோயமுத்தூருக்குப் போய், இன்று சர்வகலாசாலையாக நிற்கிறதே, அங்கே படிக்க வேண்டும். அல்லது பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்க வேண்டும். புதுவைக்காரர்களுக்குக் காரைக்காலில் 1987-ல் ஏற்பட்ட நேரு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது."

"அப்படியானால் துணைப் பாடத்தால் என்ன பிரயோஜனம்?"

"அதைத்தான் பார்க்கப் போகிறோம்" என்றேன். தெரியாத கேள்விக்கு வாத்தியார்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் அது.

புதுவை ஸ்டேஷனில் இறங்கினால், சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் நம்மை வேறு தேசத்துக்கு வந்துவிட்டதாக ஒரு நிமிஷம் நினைக்கச் செய்கிறார். வண்டிக்காரர் பேசும் தமிழைக் கேட்டதும் அந்த மயக்கம் தெளிந்துவிடுகிறது. காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு நேரே பழைய பஸ் நிலையத்துக்குத் தெற்கேயுள்ள தாவரவியல் பூங்காவுக்குப் போனோம்.

பிரெஞ்சுக்காரர்களின் மனோபாவம் அந்தத் தோட்டத்தின் அமைப்பிலேயே தெரிகிறது. நூல் பிடித்தாற்போன்ற நடைபாதைகள், பாத்தி பாத்தியாகப் பிரித்த நிலம், எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு. ஆனால் மரங்கள் நம் நாட்டு மரங்களல்லவா? அவை அந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் லட்சியம் செய்யாமல், பாதைக்கு மேலே கிளைகளைக் கோத்துக்கொண்டு, தங்கள் இஷ்டம்போல் நிழல் தருகின்றன.

1826-ல் இந்தத் தோட்டத்தை அமைத்தார்கள். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1816-ல், லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி புதுவைக்கு வந்திருந்தார். ஆஸ்திரேலியாவையும் ஜாவாவையும் சுற்றியவர் அவர். 1822 வரை இங்கே இருந்துகொண்டு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செடிகளைச் சேகரித்தார்; அவற்றில் பலவற்றைப் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த ரெயூனியன் தீவுக்கு அனுப்பினார். 1831-ல் இந்த மண்ணுக்கு எந்தப் பயிர் ஒத்துவரும் என்று சோதிக்கும் பண்ணை ஒன்று இங்கே ஏற்பட்டது. பிறகு வந்தவர் பெரொத்தே. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தாவரங்களைப்பற்றிப் பெரிய நூல் எழுதுவதில் பங்குகொண்டவர். நீலகிரி மலையில் அலைந்து செடி சேகரித்தவர். 1843-ல் மறுபடியும் புதுவைக்கு வந்து, சர்க்கார் தாவர சாஸ்திரியாக இருந்து, 1870-ல் இந்த ஊரிலேயே காலமானார். பல தேசங்களின் செடிகள் இந்தத் தோட்டத்தில் வேரூன்றியதற்கு அவருடைய உழைப்பு முக்கிய காரணம்.

இவற்றையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தபோது மருமகள், "இவ்வளவு சிரமப்பட்டது யாருக்காக, மாமா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். அந்தப் பெரியவர்களின் அறிவையும் உழைப்பையும் நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த சர்க்காரின் நோக்கம் வேறு. எந்தப் பயிர் எந்தக் குடியேற்ற நாட்டில் விளைந்தால் எவ்வளவு லாபம் என்பதே அதன் கவலை. நம் வட மாவட்டங்களில் வேர்க்கடலையை இன்னும் 'மணிலா' என்றுதானே சொல்கிறோம்? பெயரிலேயே கடல் கடந்து வந்த கதை இருக்கிறது. அந்த மணிலாக்கொட்டை சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் புதுவைத் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாக மார்சேய் பட்டணத்துக்குக் கப்பலேறியது. அங்கே எண்ணெயாயிற்று, சவுக்காரமாயிற்று. விளைவித்த நம் குடியானவன் கையில் மிஞ்சியது என்ன என்று யாரும் புத்தகம் எழுதவில்லை.

பூங்காவின் உட்புறத்தில் ஓரிடத்தில், ஓய்வு பெறும் வயதை எட்டிய தோட்டக்காரர் ஒருவர் ஒரு குரோட்டன் செடியின் கிளையில் ஏதோ செய்துகொண்டிருந்தார். அருகில் போய்ப் பார்த்தோம். விண்பதியன் போட்டுக்கொண்டிருந்தார். கிளையைச் சுற்றி ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை மோதிரம்போல் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈரப் பாசியை வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டுவது இந்த முறை. சில வாரங்களில் உள்ளே வேர் விட்டுவிடும். பிறகு அதற்குக் கீழே அறுத்தெடுத்து நட்டால் தனிச் செடி.

"பட்டையை எடுத்தால் கிளை பட்டுப்போகாதா, ஐயா?" என்று மருமகள் கேட்டாள்.

"போகாது, பாப்பா. தண்ணீர் உள்ளே கட்டை வழியாக மேலே ஏறும். இலை சமைக்கிற சாப்பாடுதான் பட்டை வழியாகக் கீழே இறங்கும். வழியில் வெட்டிவிட்டோமல்லவா? இறங்க முடியாமல் இங்கேயே தங்கும். தங்கின இடத்தில் வேர் வைக்கும்" என்றார் பெரியவர்.

இதை நான் எத்தனை முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்! நானும் உற்சாகமாக, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்திசுவைப்பற்றியும், அந்தத் திசு வளையம் இல்லாததால்தான் மாமரத்தை ஒட்டுக்கட்டுவதுபோல் தென்னையை ஒட்டுக்கட்ட முடியாது என்பதைப்பற்றியும் ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். பெரியவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கத்தியை என் பக்கம் நீட்டி, "சார் எல்லாம் தெரிந்தவர்கள். அடுத்த கிளையை நீங்களே போடுங்கள்" என்றார்.

நேயர்களே, அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டை எங்கே முடிகிறது, கட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று கரும்பலகையில் எனக்கு நன்றாய்த் தெரியும். கிளையில் தெரியவில்லை. கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. கிளை 'படக்'கென்று முறிந்து என் கையோடு வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி, இலைகளைக் கிள்ளிவிட்டு, துண்டுகளாக நறுக்கித் தொட்டி மண்ணில் செருகினார். "இதுவும் பிழைக்கும், சார்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அடுத்து மருமகள் கத்தியை வாங்கினாள். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வெட்டினாள். பட்டை மோதிரமாகக் கழன்றது. உள்ளே வழவழவென்றிருந்ததைப் பெரியவர் கத்தி முதுகால் சுரண்டச் சொன்னார். "இந்தப் பச்சை கொஞ்சம் தங்கினாலும் மறுபடி பட்டை கூடிவிடும், வேர் வராது" என்றார். நான் பிரசங்கம் செய்த வளர்திசு அதுதான்!

தாவர சாஸ்திரத்துக்கும் தோட்டக்கலைக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. செடி என்பது என்ன என்று முதலாவது கேட்கிறது. இந்தச் செடியை இந்த மண்ணில் எப்படிப் பிழைக்க வைத்துப் பயன் பெறுவது என்று இரண்டாவது கேட்கிறது. முதற் கேள்விக்கு விடையைப் புத்தகத்திலிருந்து பெறலாம். இரண்டாவதற்கு விரல் நுனியும் வேண்டும்.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக மனத்தில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். "ஐயா, தானே புயலில் எங்கள் பலாத் தோப்பில் சில மரங்கள் முறிந்தன, பல மரங்கள் வேரோடு பெயர்ந்துவிட்டன. ஒன்றிரண்டு மட்டும் அசையாமல் நின்றன. ஏன் அப்படி?"

பெரியவர் முகம் மாறிற்று. அந்தப் புயலில் புதுவையிலும் எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தன. அவர் கண்ணெதிரே வளர்ந்த மரங்கள் அவற்றில் உண்டு. "காற்று மாத்திரம் தள்ளுவதில்லை, பாப்பா. மண் நனைந்து இளகிப்போகிறது; அப்புறந்தான் காற்று தள்ளுகிறது. விதை போட்ட இடத்திலேயே முளைத்து வளர்ந்த மரத்துக்கு ஆணிவேர் நேரே இறங்கியிருக்கும். பதியன் போட்ட கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. பையில் வளர்ந்த கன்றை நாள் கடந்து நட்டால், வேர் பைக்குள்ளேயே பாம்புமாதிரிச் சுருண்டுவிடும். நட்ட பிறகும் அந்தச் சுருள் நிமிராது. மேலே பார்த்தால் மரம் செழிப்பாக இருக்கும். கீழே பிடிமானம் இராது. பலா ஆணிவேரைத் தொட்டால் பொறுக்காத சாதி. அதனால்தான் பெரியவர்கள் குழியிலேயே விதை போடச் சொன்னார்கள். தலை கனத்தால் பாய் விரித்த கப்பல் மாதிரி, காற்று பிடித்துக்கொள்ளும். காலத்தில் கவாத்துச் செய்ய வேண்டும்." சற்று நிறுத்திவிட்டு, "ஆனால் எல்லாம் சரியாகச் செய்தாலும் சில காற்றுக்குப் பதில் கிடையாது" என்றார்.

குழந்தை வெகுநேரம் பேசவில்லை. வெளியே வந்தபின், "அப்பா செய்தது தப்பு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, மாமா. தப்பில்லை என்றும் யாரும் சொன்னதில்லை. ஏன் விழுந்தது என்று தெரிந்தால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றும்" என்றாள். துணைப் பாடத்தின் பிரயோஜனம் என்ன என்று ரயிலில் கேட்டவள் அவள்தான். விடையின் பாதியை அவளே சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுப்பகலில் கடற்கரைப் பக்கம் நடந்தோம். செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்தாற்போல் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1955-ல் ஏற்பட்டது. தென்னிந்தியக் காடுகளின் செடிகளை உலர்த்தி, ஒட்டி, பெயரெழுதி வைத்திருக்கும் தாவரச் சேகரம் ஒன்று அங்கே உண்டு. நம் நாட்டுத் தாவரப் பரப்பைப் படமாக வரைந்து வெளியிட்டதும் அந்த நிலையத்தின் பெரிய தொண்டு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுவையின் நிர்வாகம் நம் கைக்கு வந்தது; 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டப்படியான மாற்றமும் முடிந்தது. கொடி இறங்கிய பின்பும் அறிவு மாத்திரம் நட்புறவோடு தங்கியிருக்கிறது. அதில் நமக்கு மகிழ்ச்சிதான்.

கடற்கரையில் நிற்கும்போது பாரதியாரை நினைக்காமலிருக்க முடியுமா? 1908 முதல் 1918 வரை பத்து ஆண்டுகள் இந்த ஊர் அவருக்குப் புகலிடம் அளித்தது. அவருடைய 'குயில் பாட்டு' பிறந்ததும் புதுவையை அடுத்த ஒரு சோலையின் நினைவில்தான். அவர் காலத்தில் நகரத்தைச் சுற்றி ஒருவர் உலாவிவிட்டு வரத்தக்க தோப்புகள் இருந்தன. இன்று அவை சுருங்கிவிட்டன. ஒரு தோப்பு இருந்தால் நிழலும் பழமும் மட்டுமல்ல, சில சமயம் ஒரு காவியமும் கிடைக்கும் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

பிற்பகலில் வில்லியனூர்ச் சாலையில் பஸ் ஏறிக் குரும்பாப்பேட்டில் இறங்கினோம். அங்கே பெருந்தலைவர் காமராசர் பெயரால் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்தியா முழுவதிலும் இன்று எழுநூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய நிலையங்கள் உள்ளன. அவற்றிலெல்லாம் முதலாவது 1974-ல் புதுவையில்தான் ஏற்பட்டது. உதயபூரைச் சேர்ந்த மோகன் சிங் மேத்தா அவர்களின் தலைமையில் அமைந்த கமிட்டி 1973-ல் திட்டத்தை வகுத்துக் கொடுத்தது. முதல் நிலையத்தை நடத்தும் பொறுப்பு கோயமுத்தூர் வேளாண்மைச் சர்வகலாசாலையிடம் தரப்பட்டது.

இதன் கொள்கை எளிமையானது. படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமில்லை. குடியானவர்கள், குடும்பப் பெண்கள், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட வாலிபர்கள் ஆகிய எல்லோரும் வரலாம். சொல்லிக் கொடுப்பது குறைவு. செய்ய வைப்பது அதிகம். நாங்கள் போன சமயம் பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் சிலர் நாற்றங்கால் நிழலில் உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மருமகள் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கால் மணி நேரத்தில் செம்மண், மணல், மக்கிய எரு எந்த அளவில் கலப்பது, பையின் அடியில் எதற்காக ஓட்டை போடுவது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரியில் சேரப் போகிற பெண் என்று அறிந்ததும் அவர்களில் ஓர் அம்மாள் சிரித்துவிட்டு, "எங்களுக்குச் செய்யத் தெரியும், கண்ணு, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நீ படித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லு" என்றார்.

அந்த வார்த்தையை நான் பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். புதுவையில் காலையில் ஒரு தோட்டத்தைப் பார்த்தோம். அது 1826-ல் அந்நிய அரசாங்கத்தின் லாபத்துக்காக ஏற்பட்டது. மாலையில் ஒரு நிலையத்தைப் பார்த்தோம்; அது 1974-ல் நம் குடியானவனுக்காக ஏற்பட்டது. முன்னதில் அறிவு மேலிருந்தது, கை கீழிருந்தது. பின்னதில் அறிவு கையைத் தேடி வந்தது. இப்போது மூன்றாவதாக ஒரு காரியம் நடக்க வேண்டியிருக்கிறது. படித்த நம் வீட்டுப் பிள்ளைகளின் கை அறிவைத் தேடி மண்ணுக்குள் போக வேண்டும். நம் நடுத்தரக் குடும்பங்களில் மண் தொட்டால் மானம் போய்விடும் என்ற எண்ணம் எப்படியோ புகுந்துவிட்டது. பாட்டனார் ஒட்டுக்கட்டி வைத்த மரத்தின் மாம்பழத்தைச் சாப்பிடுவோம். ஒட்டுக்கட்டுவது எப்படி என்று கேட்டால் கடைக்காரரைக் காட்டுவோம். ரசாயனமும் சரித்திரமும் கணிதமும் படிக்கிற பிள்ளைகள் தங்கள் படிப்பில் ஐந்தில் ஒரு பங்கையாவது செடிக்குக் கொடுத்தால் எல்லோரும் விவசாய ஆபீசராகிவிட மாட்டார்கள். ஆனால் கொல்லையில் ஒரு நாற்றங்கால் உண்டாகும். பள்ளிக்கூடத்தில் ஒரு தோட்டம் உண்டாகும். விழுந்த மரத்தைப் பார்த்து விதியை நோவதோடு நிற்காமல், வேரைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டாகும்.

ஞாயிற்றுக்கிழமை மருமகளை அழைத்துக்கொண்டு தங்கை ஊருக்குப் போனேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, தோட்டக்காரப் பெரியவர் சொன்னதையெல்லாம் குழந்தை ஒன்று விடாமல் தகப்பனாரிடம் சொன்னாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பை, சுருண்ட வேர் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"நின்ற மரம் எது தெரியுமா?" என்றார் திடீரென்று. "கிணற்றடியில் இரண்டு. அது இரண்டும் என் அப்பா குழியிலேயே கொட்டை போட்டு வளர்த்தது. மற்றதெல்லாம் நான் கன்று வாங்கி வைத்தது. சீக்கிரம் தோப்பாக வேண்டுமென்று வாங்கினேன். பை கிழியாத குறையாக வேர் சுருண்டிருந்தது. நட்டபோதே பார்த்தேன்." அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

இத்தனை வருஷமாக அவர் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு, நிலத்தைத் தரிசாகப் போட்டு, அவர் தமக்குத் தாமே தண்டனை விதித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மருமகள் மெல்ல, "அப்பா, எல்லாம் சரியாகச் செய்தாலும் சில காற்றுக்குப் பதில் கிடையாது என்று அந்தத் தாத்தா சொன்னார்" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் தங்கையைப் பார்த்தேன். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் ஈரத் துணியில் சுற்றிய பலாக்கொட்டைகள் நாலைந்து இருந்தன. கிணற்றடி மரத்துப் பழத்தின் கொட்டைகளாம். அவற்றைத் திண்ணையில் வைத்துவிட்டு, "பலாக்கொட்டை நாள்பட்டால் முளைக்காது. நாளைக்கே குழி வெட்ட வேண்டும். குழியை அவளேதான் வெட்ட வேண்டும். சம்மதமா?" என்று கேட்டார்.

"சம்மதம்" என்றாள் பெண்.

"அந்தப் பேனாவை எடு" என்றார்.